சென்னியப்பனின் இடது தோள்

கரண்ட் போயிருச்சு. போகும்னு தெரியும், நேத்தே ரெஜினா முன்ரூம்ல இருந்து கத்திச் சொன்னா, அக்கா நாளைக்கு ஷட்டவுன், ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இருக்காது, மெஷின் வைக்கற ஆளுகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாத்திரட்டுமான்னு. நான்தான் ஏதோ நெனப்புல பதில் சொல்லாம விட்டுட்டேன். இப்ப மணி பதினொண்ணு, இன்வெர்ட்டர்ல ஒரு ஃபேன் முக்கி முக்கிச் சுத்துது, கரண்ட் வைக்கற மெஷின் மூலைல சும்மா கெடக்குது, சென்னியப்பன் அய்யா சட்டையைக் கழட்டி நாலா மடிச்சு நாற்காலில வச்சுட்டு மேசை மேல ஏறி மல்லாக்கப் படுத்தாச்சு. "மெஷின் ஓடலீன்னா என்னங்கம்மிணி, கைதான் இருக்குதுங்களே"ங்கறார். இருக்குதுங்கய்யா, கை இருக்குது, அதுதான் வம்பே. திங்கக்கிழமை வந்தார், இடது தோள் தூக்க முடியல, எலும்பு டாக்டர் சீட்டுல தோள் இறுக்கம்னு எழுதி எங்கயாச்சும் பிசியோ பாருங்கன்னு அனுப்பியிருக்கார். ஈரோட்டுல தெருவுக்கு ரெண்டு பிசியோதெரபி க்ளினிக் இருக்குது, இந்த மனுஷன் ரெண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்து நிக்கறார். "என்ற ஊட்டுல சொல்லீட்டே இருப்பாளுங், அந்த மேகலா அம்மிணி கை வச்சா வலி போன எடம் தெரியாதுன்னு. அதான் வேற எங்கயும் போகோணும்னு தோணலீங்." ஊட்டுல. பாவாயம்மா. முட்டி மாத்தி வச்ச கால். போன சித்திரைல ஒரு புதன்கிழமை, இதே மேசைல, இதே பதினோரு மணிக்கு நான் அந்தக் காலைப் பத்து நிமிஷம் பிடிச்சு விட்டேன், அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு அந்தம்மா செத்துப் போச்சு. காலுக்குள்ள உறைஞ்சிருந்த ரத்தக்கட்டி நகந்து நுரையீரலை அடைச்சிருச்சு. அந்தக் காலை நான் தேய்ச்சேன்னு இவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, எனக்கும் இந்த மேசைக்கும் தவிர. திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் மெஷினை ஒட்டி, வெந்நீர்ப் பை வச்சு, குச்சியைக் குடுத்து நீங்களே தூக்குங்கன்னு சொல்லி, ஒரு விரல் கூடப் படாம ஓட்டிட்டேன். இன்னைக்கு அந்த வழியும் அடைச்சுப் போச்சு.

கை கழுவறேன். ரெண்டாவது தடவை கழுவறேன், தண்ணி டேங்குல கொதிச்சுக் கெடக்குது ஆனா என் விரல் மட்டும் ஐஸ் மாதிரி, என்ன கெரகமோ. தேய்ச்சுச் சூடு பண்ணிக்கறேன். சும்மா தோள்டி மேகலா, தோள்ல என்ன இருக்குது, தோள்ல கை வச்சு யாரும் செத்ததில்ல. பதினோரு வருஷமா எத்தனை தோள், பனியன் கம்பெனிப் புள்ளைங்க தோள், மாவாட்டி மாவாட்டிப் போன தோள், பைக்ல இருந்து விழுந்த தோள். வச்சேன். இடது உள்ளங்கை அவர் முதுகுக்கு அடியில போய் தோள்பட்டை எலும்பைப் பிடிக்குது, வலது கை முழங்கைக்குக் கீழ. மெலிஞ்ச மனுஷன், டீசல் ஷெட்டுல முப்பத்தஞ்சு வருஷம் ஃபிட்டர், புஜம் இன்னும் கயிறு மாதிரி இருக்குது, அதுக்கு மேல தோல் மட்டும் தளர்ந்து வேற யாரோடதோ மாதிரி. சுகர் இருக்குது, சுகர் இருந்தா தோள் இறுகும், அதுக்கு வேற காரணம் தேட வேண்டியதில்ல. பொண்டாட்டி செத்த துக்கத்துல கை தூக்க முடியாம போச்சுன்னு டிவி சீரியல்ல வேணா வரும். ஆனாலும் ஆறு மாசத்துல வந்திருக்குது பாரு, சரியா ஆறு மாசம். சும்மா இரு. மெதுவா தூக்கறேன், நாப்பது டிகிரி, அம்பது, அறுபது. எழுபத்தஞ்சுல மூட்டு நிக்குது. மேல போக மாட்டேங்குது, செருப்புத் தோலை இழுக்கற மாதிரி ஒரு இழுப்பு. இதுக்கு மெஷின் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. நாலாவது நாளாச்சு, மூணு நாளா இந்த மனுஷனை ஏமாத்தியிருக்கேன். கை வச்சு, எலும்பு உருண்டையைக் கீழ தள்ளி, ஒரு மூச்சுக்கு ஒரு நூல் ஒரு நூலா எடுத்தாத்தான் வரும், அது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் பண்ணல. "வலிக்குதுங்களாய்யா?" "வலிக்குதுங். நல்ல வலிதானுங், நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க." நல்ல வலியாம். பாவாயம்மாவும் இதே சொல்லுதான் சொல்லுச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சொல்லை வச்சுட்டு நாப்பது வருஷம் ஓட்டியிருப்பாங்க போல.

நல்ல வலி அம்மிணி, அந்த எடத்துலதான், சித்த நல்லா அமுத்துன்னு சொல்லுச்சு. ஆபரேஷன் ஆகிப் பதினஞ்சாவது நாள். கெண்டைக்கால்ல கட்டிக் கட்டியா இருக்குது, ராத்திரி எல்லாம் பிடிச்சு இழுக்குதுன்னு சொல்லிட்டு, ஒரு தூக்குப் போசில கடலை உருண்டை வேற கொண்டாந்திருந்துச்சு, ரெஜினாவுக்கு நாலு, எனக்கு நாலு. கால் வீங்கியிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணின கால் வீங்கத்தான் செய்யும், எந்தக் காலு வீங்கல, இந்த நெனப்புதான், இந்த ஒரு நெனப்புதான் என் தலைல விழுந்த கல்லு. வேற யாராச்சும், பக்கத்து வீட்டுக்காரங்க பாத்திருந்தாக் கூட இது என்ன இவ்வளவு வீங்கியிருக்குதுன்னு கேட்டிருப்பாங்க. தினமும் நாலு ஆபரேஷன் கால் பாக்கறவளுக்குத்தான் வீக்கம் வீக்கமாவே தெரியாது. சூடாவும் இருந்துச்சு. உள்ளங்கைல அந்தச் சூடு பட்டுச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, வெந்நீர்ப் பை இப்பத்தான் எடுத்தோம் அதான் சூடுன்னு நானே ஒரு பதிலையும் சொல்லிக்கிட்டேன். வெந்நீர்ப் பை வச்சது தொடைக்கு. கெண்டைக்காலுக்கு வைக்கவே இல்ல. ஐயோ. காலேஜ்ல அஞ்சு மார்க் கேள்வி அது, ஒத்தைக் கால் வீங்கி, சூடா, தொட்டா வலின்னு இருந்தாத் தேய்க்காதே, ரெண்டு காலையும் டேப் வச்சு அளந்து பாரு, ஸ்கேனுக்கு அனுப்புன்னு. அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன். மேடம் என் பேப்பரைத் தூக்கிக் காட்டினாங்க. அன்னைக்கு டேப் எங்க இருந்துச்சு? டிராயர்லயே இருந்துச்சு, கைக்கு எட்டற தூரம். ரத்தம் உறையாம இருக்கறதுக்குக் குடுத்த மாத்திரை பத்து நாளோட முடிஞ்சு போச்சுன்னு அந்தம்மாவே சொல்லுச்சு, அதையும் கேட்டேன், ம்ம்னு சொன்னேன். கட்டை விரலை ரெண்டையும் சேத்து வச்சு கீழ இருந்து மேல, கீழ இருந்து மேல. அப்பாடா, உசுரு வந்த மாதிரி இருக்குது அம்மிணி. அப்படியே சொல்லுச்சு, உசுரு வந்த மாதிரின்னு. ஆமா, மறக்கறதுக்கு வழி பாக்கறியா, இந்தா வச்சுக்கோ.

"மூச்சை விடுங்கய்யா." விடறார். எழுபத்தெட்டு. மறுநாள் காலைல ரெஜினா வந்து, அக்கா பதினோரு மணி ஆள் வராது, அந்தம்மா தவறிட்டாங்களாம், அவங்க பையன் சொன்னாப்லன்னா. எப்படின்னு கேட்டேன். நெஞ்சடைப்பாம், காலு ரத்தக்கட்டி மேல ஏறிருச்சாம். அப்படியான்னு சொன்னேன். அப்படியா! அதுக்கப்பறம் நான் பண்ணின வேலை இருக்குது பாரு. முந்தின நாளுக்கு அவங்க சீட்டுல, அவங்க பேர், புருஷன் போன் நம்பருக்குக் கீழ, நான் இன்னும் எதுவும் எழுதல, எப்பவும் மறுநாள்தான் எழுதறது, சோம்பேறித்தனம். பேனாவை எடுத்து, முட்டி மடக்கும் பயிற்சி, ஐஸ் பத்து நிமிஷம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்டுல சொருகி வச்சேன். கை நடுங்கல. அதை நெனச்சாத்தான் இன்னும் பயமா இருக்குது, எழுத்து அவ்வளவு அழகா வந்துச்சு. எழவுக்குப் போகல. ரெஜினா போயிட்டு வந்தா, மூக்கைச் சிந்திட்டே வந்தா, கடலை உருண்டை டப்பால மிச்சம் ரெண்டு இருந்துச்சு, அதை யாரு எடுத்துப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. அன்னைல இருந்து யாரு கால் வந்தாலும் டேப்தான். பனியன் கம்பெனிப் பையன் கணுக்கால் பிசகினாலும் டேப், எண்பது வயசு ஆத்தாளுக்கும் டேப், ரெஜினா என்னை டெய்லர் அக்கான்னு கிண்டல் பண்றா. எம் பொண்ணு இனியா ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடிட்டு வந்து, அம்மா கால் வலிக்குது பிடிச்சு விடுன்னு என் மடில காலைப் போட்டா. எட்டு வயசுக் கால், அதுல என்ன கட்டி வந்து உக்காரப் போகுது? எந்திரிச்சு உதறிட்டுக் கத்திட்டேன், போடி, நீயே தேய்ச்சுக்கோன்னு. புள்ளை அழுதுட்டு அவங்கப்பாகிட்டப் போச்சு. அவர் பிடிச்சு விட்டார், நான் சமையக்கட்டுல நின்னுட்டு அவர் கையையே பாத்துட்டு இருந்தேன், போதும் விடுங்க போதும் விடுங்கன்னு வாய்க்குள்ள சொல்லிட்டு. தானாக் கூட நகந்திருக்கும். அதுவும் உண்மைதான். பாத்ரூம் போக எந்திரிச்சப்பதான் விழுந்தாங்களாம், எந்திரிச்சா நகரும், இருமினா நகரும், சும்மா படுத்திருந்தாலும் நகரும். யாரு சொல்ல முடியும்? யாராலயும் முடியாது. நானே கோர்ட்டும் நானே வக்கீலுமா இந்தக் கேஸை ஆறு மாசமா நடத்தறேன், ஒரு நாளைக்கு விடுதலை பண்றேன், மறுநாள் அந்தச் சூடு உள்ளங்கைக்கு வந்துருது.

இப்பவும் வருது. தோள்தான், தோள்தான். எண்பது. "ஐயா, கையை நீங்க தூக்கிப் பிடிக்காதீங்க, என் கைல விட்டுருங்க, நான் விட மாட்டேன்." எல்லார்கிட்டயும் சொல்ற பேச்சுதான், வாய்ல தானா வரும். கேக்க மாட்டாங்க, எங்க போட்டுருவாளோன்னு பாதிக் கனத்தை அவங்களே பிடிச்சுட்டு இருப்பாங்க, கை லேசா இருக்கும். அது லேசா இருக்கற வரைக்கும் உள்ள வேலை பண்ண முடியாது. நம்பிக்கை வந்தவங்க கைதான் கனக்கும். சில பேருக்குப் பத்து நாள் ஆகும், சில பேருக்கு வரவே வராது, இந்த மனுஷன் சொன்ன உடனே விட்டுட்டார். முழுக் கையும், ஒரு மரக்கட்டைக் கனம், அப்படியே என் கைல வந்து விழுந்துச்சு.  யோவ், ஏன்யா, ஏன் என்னைப் போய் நம்பறே? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஜெனரேட்டர் போட்டிருக்காங்க, அது சத்தம் சுவர் வழியா வருது. பாவாயம்மா காலும் இப்படித்தான் கனத்துச்சு. இப்ப எண்பத்தாறு, நல்லா வருது, இன்னும் மூணு வாரத்துல தலை சீவிக்கலாம், இவர் சந்தோஷமா போவார், எல்லார்கிட்டயும் மேகலா அம்மிணி கையைப் பத்தி இவரும் சொல்லுவார். அதோட முடிஞ்சுரும். முடிஞ்சுரட்டுமே. ஒண்ணும் கேக்காம இரு சாமி, பேசாம படுத்திரு. "அம்மிணி"ங்கறார் கண்ணை மூடிட்டே. "ஒண்ணு கேக்கலாங்களா?" போச்சு போ. "கேளுங்கய்யா." தெரிஞ்சிருச்சு. அந்தம்மா சொல்லியிருக்கும், வீட்டுக்குப் போனதும் சொல்லாம இருக்குமா, இன்னைக்கு அம்மிணி கெண்டைக்காலைப் பிடிச்சு விட்டுச்சுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கும். அதுக்குத்தான் வந்திருக்கார், தோள் எல்லாம் சாக்கு, நாலு நாளா என்னைப் படுத்துட்டே பாத்துட்டு இருந்திருக்கார்.

"தோள் வலி இருக்குதுங், இல்லீன்னு சொல்லலீங். ஆனா உங்களைப் பாக்கோணும்னு வந்தது வேற விசயத்துக்குங். பசங்ககிட்டக் கேக்க முடியாதுங். டாக்டருங்ககிட்டக் கேட்டா அவங்க ஆளைப் பாத்துத் தகுந்தாப்ல சொல்லீருவாங்க. கால் விசயம் தெரிஞ்சது நீங்கதான், அவ காலைப் பாத்ததும் நீங்கதான்." ஃபேன் சுத்துது. நான் கையைப் பிடிச்சுட்டே நிக்கறேன், எண்பத்தாறுலயே. "அன்னைக்கு இங்கிருந்து வந்து சாப்ட்டுப் படுத்தாளுங். நாலு மணிக்குக் காப்பி குடிச்சுட்டு, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுன்னு சொன்னா. நான் தைலத்தை எடுத்துட்டு வந்து ஒக்காந்து தேய்ச்சேனுங். ஷெட்டுல வேலை பண்ணின கையிங்களா, நல்லா அழுத்தித் தேய்ச்சுட்டேனுங், அரை மணி நேரம். அதுக்கப்பறம்தான் பாத்ரூம் போக எந்திரிச்சா. ஆஸ்பத்திரில அந்தச் சின்ன டாக்டர் வந்து, காலை யாராச்சும் தேய்ச்சீங்களான்னாப்ல. ஆமாங், நான்தானுங்னேன். அவர் தலையை இப்படி ஆட்டிட்டுப் போயிட்டாப்ல." படுத்துட்டே தலையை அந்த டாக்டர் ஆட்டின மாதிரி ஆட்டிக் காட்டறார், மெதுவா, ரெண்டு தடவை. "அந்த ஆட்டலைத்தானுங் ஆறு மாசமா பாத்துட்டு இருக்கறேன். பசங்களுக்குத் தெரியாதுங். தெரிஞ்சா எம் மூஞ்சில முழிப்பாங்களா? நான்தான் கொன்னு போட்டனுங்களா அம்மிணி? உள்ளதைச் சொல்லுங்க."

அடக் கடவுளே. அப்ப அந்தம்மா சொல்லல. பேசப் பேச வாய் மூடாத அந்தம்மா, இதை மட்டும் சொல்லாம போயிருக்குது, சொல்ற அளவுக்குப் பெரிய விசயமாத் தோணியிருக்காது. எனக்கு மொதல்ல வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. வெக்கமே இல்லாம, குளிக்கறப்ப மொத சொம்பு தண்ணி ஊத்தின மாதிரி ஒரு நிம்மதி, தெரியாது, இவருக்குத் தெரியாது, அது மட்டும் இல்ல, நான் மட்டும் இல்ல, இன்னொருத்தரும் தேய்ச்சிருக்கார், எனக்கு அப்பறம் தேய்ச்சிருக்கார், அரை மணி நேரம், அழுத்தி. கோர்ட்டுல புது சாட்சி கெடைச்ச மாதிரி. சீ. என்னடி பொம்பளை நீ. அந்த மனுஷன் கண்ணோரமா தண்ணி இறங்கிக் காதுக்குள்ள போகுது, துடைக்காம விட்டுட்டார், ஒரு கை என்கிட்ட இருக்குது. சொல்லு. என்ன சொல்றது? தேய்ச்சா ஒண்ணும் ஆகாதுங்கய்யா, அது தானா நடக்கறது, உங்க மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டா தீந்துச்சு. இவர் தூங்குவார், நானும் பொழைச்சேன். பொய்யின்னு கூட முழுசா சொல்ல முடியாது, பாதி உண்மை இருக்குது அதுல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மருந்து, ஒரே வாக்கியம், குடுத்துரு. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா, தேய்ச்சதுனால அப்படி எல்லாம்..." வாக்கியம் முடியல, அதுக்குள்ள கனம் போயிருச்சு. என் கைல இருந்த கனம். கையை அவர் எடுக்கல, அசைக்கக் கூட இல்ல, உள்ள இருந்து சத்தமில்லாம வாங்கிட்டார், இப்ப என் உள்ளங்கைல கெடக்கறது வெறும் காத்து மாதிரி ஒரு கை. மூஞ்சில ஒண்ணும் மாறல. சரிங்கம்மிணின்னு மரியாதையா சொல்றார். நம்பல. டாக்டருங்க ஆளைப் பாத்துச் சொல்ற பதில்னாரே, இதுவும் அந்தக் கணக்குல சேந்துருச்சு. இனி நாளைக்கு வர மாட்டார். இந்தத் தோள் இப்படியே எழுபத்தஞ்சுல நிக்கும், அவரும் அந்தத் தலையாட்டலைப் பாத்துட்டே சாவார், தனியா, தான் ஒருத்தன்தான்னு நெனச்சுட்டே.

"நானும் தேய்ச்சேனுங்கய்யா." யாரு பேசறது? நான்தான். "அன்னைக்குக் காலைல, இங்க. கெண்டைக்கால்லதான். பத்து நிமிஷம். கால் வீங்கியிருந்துச்சு, சூடா இருந்துச்சு, நான் பாத்தேன். தேய்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க தெரியாம பண்ணினீங்க, நான் படிச்சுட்டுப் பண்ணினேன். ஸ்கேன் எடுக்க அனுப்பியிருக்கோணும், அனுப்பல. அனுப்பியிருந்தா நாலு மணிக்கு அவங்க உங்க வீட்லயே இருந்திருக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரில இருந்திருப்பாங்க. அப்பறம் சீட்டுல மாத்தி எழுதி வச்சேன்." எல்லாத்தையும் கொட்டிட்டேன், ஒண்ணையும் மிச்சம் வைக்கல, பாவாயம்மா உசுரு வந்த மாதிரி இருக்குதுன்னு சொன்னதைக் கூடச் சொல்லிட்டேன், அதை ஏன் சொன்னேன்னு தெரியல. அவர் கண்ணைத் திறந்து ஃபேனைப் பாத்துட்டே கேட்டார். கையை மெதுவா என்கிட்ட இருந்து எடுத்து நெஞ்சு மேல வச்சுக்கிட்டார்.  முன்ரூம்ல ரெஜினா யாருக்கோ சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வரும்ங்கன்னு சொல்லிட்டு இருக்கா. அடிக்கட்டும், கத்தட்டும், பசங்களைக் கூட்டிட்டு வரட்டும், இந்தக் கடையை இழுத்து மூடட்டும், என்ன வேணா பண்ணட்டும்.

எந்திரிச்சு உக்காந்தார். "நல்லா இருக்குதுன்னு சொன்னாளுங்களா?"ன்னார். "சொன்னாங்கய்யா." "என்கிட்டயும் சொன்னா"ன்னார். கீழ இறங்கிச் சட்டையை எடுத்து வலது கையை உள்ள விட்டார், இடது கை சட்டைக்குள்ள போகல, ரெண்டு தடவை முயற்சி பண்ணினார், நான் போய்ச் சட்டைக் கையைப் பிடிச்சேன், வேண்டாம்னு சொல்லல. பட்டனை அவரே போட்டுக்கிட்டார், மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா. மொகத்துல கோவம் தேடறேன், இல்ல, அழுகை தேடறேன், அதுவும் நின்னு போச்சு. கணக்குப் போடற மொகமா இருந்துச்சு, ஆறு மாசத்தை மறுபடி மொதல்ல இருந்து எண்ணிப் பாக்கற மாதிரி, சித்திரை, வைகாசி, ஆனி. கதவுகிட்டப் போய் நின்னார். திரும்பினார்.

"என்ற போன் நம்பரு ஆறு மாசமா உங்ககிட்ட இருந்துச்சுங்களே அம்மிணி"ன்னார்.

இருந்துச்சுங்கய்யான்னேன்.